குளம் உடைந்த இரவும் நாங்கள் பரப்பிய பொய்யும்: இதை ஊர் முன்னால் எப்படிச் சொல்வது?

வயல்கரை | செப்டம்பர் 17, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக மனத்தில் கிடந்து அறுக்கும் ஒன்றைச் சொல்லி, வழி கேட்க வந்திருக்கிறேன்.

எங்கள் குளத்துக்கு மேற்கே எங்கள் வீடுகள், தெற்கே ஏலா என்று நாங்கள் சொல்லும் நெல்வயல், கிழக்கே நீர்ப்பிடிப்பை ஒட்டி ஒரு குடியிருப்பு. 2021 நவம்பர் மழையில் ஓர் இரவு தெற்குக் கரை உடைந்தது. நட்டு மூன்று வாரமே ஆன கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல், முழுவதும் மணலுக்கு அடியில் போயிற்று. விடிந்து நாங்கள் ஏலாவில் நின்றபோது வரப்பே தெரியவில்லை.

அன்று மதியம் வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. தங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று கிழக்குக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பையன்கள் இரவோடு இரவாகக் கரையை வெட்டிவிட்டார்கள், மண்வெட்டியோடு கண்ணால் பார்த்தேன் என்று ஒரு குரல். மூன்று பெயரும் தகப்பன் பெயரோடு இருந்தன. யார் குரல் என்று இன்றுவரை தெரியாது. கேட்டு முடித்த கையோடு அதை இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். ஒன்று எங்கள் ஏலா விவசாயிகள் குழு, மற்றொன்று பள்ளித் தோழர்கள் குழு.

அதன்பிறகு கிழக்கிலிருந்து ஒருவரையும் நாற்றுப் பிடுங்கவோ நடவுக்கோ நாங்கள் கூப்பிடவில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர்களிடம் வரி வாங்கவில்லை. மூன்று பையன்களும் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். அவர்கள் வர மறுத்ததும், அந்த மறுப்பையே சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

சென்ற ஆண்டு பயிர் நிவாரணம் சம்பந்தமாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பியதற்கு 30 நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகு ஒரு கட்டுத் தாள் வந்தது. உடைப்புக்குப் பின் குளத்தைப் பார்வையிட்டவர்கள் எழுதிய குறிப்பும் நான்கு படங்களும் அதில் இருந்தன. மூன்றாவது படம் மறுகால், அதாவது குளம் நிறைந்தால் மிகுநீர் வெளியேறும் வாய். அதன் மேல் யூரியாச் சாக்குகளில் மண் நிரப்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓரடி உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. வெள்ளம் மறுகால் வழியாகப் போக முடியாமல் கரையின் மேல் வழிந்து, உடைத்திருக்கிறது என்று குறிப்பு சொல்கிறது.

அந்தச் சாக்குகளை அடுக்கியவர்கள் நாங்கள். ஓரடித் தண்ணீர் கூடுதலாக நின்றால் மாசி வரை கவலை இல்லை என்று அந்த ஐப்பசியில் எங்கள் பெரியப்பாவும் வேறு நால்வரும் அடுக்கினார்கள். சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தவன் நான். கிழக்கே வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதும் அதனால்தான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஆண்டும் சாக்கு அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில் பேசலாமா என்று யோசிக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

---

மதகடி | செப்டம்பர் 17, இரவு 11.45

தம்பி, நான் பாசனப் பணிகளில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். கோதையாறு பாசனத்தில் நான் நடக்காத வாய்க்கால் குறைவு. ஒன்றைக் கேட்கிறேன். உடைப்பை நேரில் பார்த்தபோது கரையின் வெளிச்சரிவு எப்படி இருந்தது? கரை அடியில், ஏலா பக்கம், பெரிய குழி விழுந்திருந்ததா?

மண்வெட்டியால் வெட்டிய உடைப்பு மேலிருந்து ஒரு வாய்க்கால் போலத் தொடங்கும். கரைக்கு மேல் வழிந்த உடைப்பு அப்படி இல்லை. தண்ணீர் வெளிச்சரிவில் இறங்கி முதலில் அடிமண்ணைத்தான் தின்னும். அங்கே குழி பறித்து, பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் கரையின் தலை விழும். உடைந்த இடம் மட்டுமல்லாமல் பக்கத்திலும் புல் எல்லாம் வெளிப்புறமாகச் சாய்ந்து படிந்து கிடக்கும்.

மறுகால் மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் நடுவே விடும் உயரம் சும்மா விட்டதில்லை. அதில் ஓரடியைச் சாக்கால் தின்றுவிட்டால் குளம் வெள்ளத்தைத் தாங்கும் கணக்கே மாறிவிடுகிறது. நம் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் என்று பழைய கணக்கு. ஒன்றின் மறுகால் நீர் அடுத்ததற்கு வரத்து. ஒரு குளம் உடைந்தால் கீழே உள்ளதையும் கேட்க வேண்டும்.

---

வயல்கரை | செப்டம்பர் 18, காலை 6.10

குழி இருந்தது சார். ஓர் ஆள் ஆழம். புல் சாய்ந்து கிடந்ததையும் பார்த்தேன், கைப்பேசியில் படம்கூட இருக்கிறது. பார்த்த அன்று அதற்கு அர்த்தம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை என்பதுதான் சரி. கீழ்க்குளம் அன்று தப்பியது, கரை நல்ல கரை.

---

இரணியல்காரன் | செப்டம்பர் 18, காலை 9.30

வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்த 1982-இல் எனக்குப் பதினான்கு வயது. ஓர் ஊரில் நடக்காததை அடுத்த ஊரில் நடந்ததாகச் சொல்வார்கள். பஸ்ஸில் வந்து இறங்குபவர் ஒருவர் ஒன்றைச் சொல்வார், மாலைக்குள் அது பத்தாகும். ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நான் அங்கிருந்துதான் வருகிறேன்’ என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னார். அவரைத்தான் எல்லோரும் விரோதியாகப் பார்த்தார்கள். பிறகு நீதிபதி வேணுகோபால் கமிஷன் வைத்தார்கள், அறிக்கை வந்தது. எங்கள் தெருவில் அதை யாரும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்களை ஆற்றியது அறிக்கை அல்ல. எத்தனையோ மாதம் கழித்து, ஒருநாள் மீன்கார அம்மா கூடையோடு மறுபடி தெருவுக்குள் வந்தார். அன்று என் அம்மா அழுததை நான் பார்த்தேன்.

உங்கள் ஊர் இப்போது அடங்கி இருக்கிறது. சாக்கை எடுக்கச் சொல்லுங்கள், அது அவசியம். பொறியாளர் சொன்னார் என்று சொல்லுங்கள். பழையதைக் கிளறிப் பெரியப்பாவைச் சபையில் நிறுத்த வேண்டுமா? உண்மை தானாக ஜெயிக்கும் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

---

கடலோரம் | செப்டம்பர் 18, இரவு 8.05

இரணியல் அண்ணாச்சி சொல்வது பாதி சரி. தானாக ஜெயிக்காது. அதற்கு ஆள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். எப்படி என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் தூத்தூர்ப் பக்கம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல். எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்கள். புயல் வருகிறது என்ற செய்தி வந்தபோது அவர்கள் அதைக் கேட்கும் தொலைவில் இல்லை. கரையில் நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம், காணாமல் போனவர்கள் எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகிறது. எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதைவிடப் பல மடங்கு. நாங்கள் மிகைப்படுத்துகிறோம் என்று பேசியவர்களும் உண்டு.

நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை என்று ஒவ்வோர் ஊரிலும் ஆலயத்தில் பட்டியல் எழுதினார்கள். எங்கள் ஊரில் எழுதிய நான்கு பேரில் நானும் ஒருவன். கோடு போட்ட நீளமான நோட்டு. விசைப்படகின் பெயர், ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, என்று கிளம்பினான், கடைசியாக யாரிடம் பேசினான். இதை எழுதுவதைவிடக் கடினமான வேலை வேறொன்று இருந்தது. அடிப்பது. ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். இரண்டு தடவை ஏறியிருக்கும், ஒன்றை அடிக்க வேண்டும். படகு லட்சத்தீவில் ஒதுங்கியது, மகாராஷ்டிரத்தில் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கியது என்று போன் வரும். ஒரு தாய் ஓடி வந்து, ‘மகன் பேசிவிட்டான், அவன் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று நோட்டின் மேல் கை வைத்தாள். அடித்தோம். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளின் வரியை அடிக்க எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கில் நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். கூட்டம் பெரிது என்பதால் மட்டும் எங்கள் பேச்சு ஏறியது என்று நான் நினைக்கவில்லை. யார் வந்து கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்ட முடிந்தது. உயிரோடு திரும்பியவன் பெயரை அடித்த கோடும் அதிலேயே இருந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் மற்ற பெயர்களை நம்பினார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, சாட்சியச் சட்டத்தின்படி 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பெண்கள் அத்தனை காலம் காத்திருக்காமல் நிவாரணம் பெற்றதில் அந்தப் பட்டியல்களுக்குப் பங்கு உண்டு.

வயல்கரை அண்ணன் சாக்கைப் பிடித்தேன் என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். அதுதான் அவருடைய அடித்த கோடு. அதை மறைத்துவிட்டுப் பொறியாளர் சொன்னார் என்று போய் நின்றால் யாரும் நம்ப மாட்டார்கள், கிழக்கிலுள்ளவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள்.

---

கிழக்குக்கரை | செப்டம்பர் 19, இரவு 11.50

இந்த இழைக்காகத்தான் இன்று கணக்குத் தொடங்கினேன். என் தோழி இணைப்பை அனுப்பி, ‘இது உன் ஊர்தானே’ என்று கேட்டாள். என் ஊர்தான். ஒலிப்பதிவில் சொன்ன மூன்று பெயரில் இரண்டாவது பெயர் என் தம்பி.

அன்றிரவு எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். தம்பியும் மற்ற இருவரும் கையில் வைத்திருந்தது மண்வெட்டிதான், பொய் இல்லை. வீட்டு முற்றத்தில் தண்ணீர் திரும்பிப் போக ஓடை கீறிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்குட்டிகளைக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்திருந்தோம். தெற்குக் கரைக்கு அந்த இருட்டில் போகக் குளத்தைச் சுற்ற வேண்டும். யாராவது ஒருவர் வந்து ‘எங்கே நின்றீர்கள்’ என்று கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை. சத்தியம் செய்யத்தான் கூப்பிட்டார்கள். செய்யாத தப்புக்கு நான் ஏன் சாமி முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தம்பி கேட்டான். அப்பா அவனை அடித்தார், போய்ச் சத்தியம் செய்துவிட்டு வா என்று. அவன் போகவில்லை. நான்கு மாதத்தில் குவைத்துக்குப் போய்விட்டான். அவன் குவைத்துக்குப் போக வேண்டியவன் இல்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். அந்த ஒலிப்பதிவு கடைக்காரருக்கும் போயிருந்தது.

அம்மா இரண்டு ஆண்டாக உங்கள் பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போவதில்லை. அடுத்த ஊருக்கு நடக்கிறாள்.

கிராம சபையில் நீங்கள் என்ன பேசப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். ‘அன்று ஏதோ தவறான தகவல் பரவிவிட்டது’ என்று சொல்லாதீர்கள். அது தானாகப் பரவவில்லை. ‘இரு தரப்பிலும் தவறு’ என்றும் சொல்லாதீர்கள். ஒலிப்பதிவில் மூன்று பெயரும் தகப்பன் பெயரோடு வந்தன. அதேபோல மூன்று பெயரையும் தகப்பன் பெயரோடு சொல்லி, இவர்கள் வெட்டவில்லை என்று சொல்லுங்கள். எந்தக் குழுக்களுக்கு அனுப்பினீர்களோ அந்தக் குழுக்களுக்கே அனுப்புங்கள்.

---

வயல்கரை | செப்டம்பர் 20, காலை 5.40

சகோதரி, இரவு முழுவதும் உங்கள் பதிவைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டி கட்டிலில் நின்றதும் கணக்கெழுதும் வேலை போனதும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடியே சொல்வேன். உங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவையும் அம்மாவையும் பார்க்க அனுமதி கேட்கிறேன். இப்போது வேண்டாம் என்றால் காத்திருக்கிறேன்.

---

குழித்துறை டீச்சர் | செப்டம்பர் 20, மாலை 4.15

முப்பது ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். கற்பூரச் சத்தியம் என்று படித்ததும் சுசீந்திரம்தான் நினைவுக்கு வந்தது.

சுசீந்திரம் கோயிலில் கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்ப்பார்கள். புண் இல்லையென்றால் நிரபராதி. இந்திரன் கொதிக்கும் நெய்யில் மூழ்கிச் சுத்தமானான் என்ற தலபுராணத்தை இதற்குத் துணையாகச் சொன்னார்கள். ஊரின் பெயரையே அதிலிருந்து வந்ததாகச் சொல்வதுண்டு. சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. 1846-இல் இறந்த அரசர் அவர். நெய்யை நிறுத்தி ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகப் போகிறது. அந்த நெய்ச்சட்டியின் நியாயத்தை நாம் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறோம். அந்த நியாயம் என்ன? குற்றம் சொன்னவன் ஒன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை, குற்றம் சொல்லப்பட்டவன் கை வெந்து காட்ட வேண்டும். அந்தத் தம்பி கோயிலுக்கு வர மறுத்தது திமிர் இல்லை. நெய்யில் கை விட மாட்டேன் என்றான். அவன் செய்தது சரி.

உண்மை தானாக ஜெயிக்காது என்று இரணியல்காரர் எழுதியதை நான் மறுக்கவில்லை. எங்கள் பாட்டிமார் மேலாடை அணியும் உரிமைக்கு எத்தனை காலம் போராடினார்கள் என்று பாருங்கள். 1829-இல் திருவிதாங்கூர் அரசாணை அதை மறுத்தது. 1859 ஜூலை 26 ஆணைதான் அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை ஒட்டிக்கொண்டே வந்தது. நடுவே முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டும் ஆடை கிழிக்கப்படும் என்று தெரிந்தே சந்தைக்கு அதை உடுத்துப் போன பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களில் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்கவில்லை, எனக்கு அதில் தீராத வருத்தம். அந்த முப்பது ஆண்டிலும் ‘ஊர் அடங்கி இருக்கிறது, ஏன் கிளறுகிறீர்கள்’ என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஊர் அடங்கி இருப்பது யாருக்கு? பால் வாங்க அடுத்த ஊருக்கு நடக்கும் அந்த அம்மாவுக்கு அது அடங்கிய ஊர் இல்லை.

இரணியல் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த மீன்கார அம்மா தானாகத்தான் திரும்பி வந்தாரா?

---

ஒழுகினசேரி | செப்டம்பர் 20, இரவு 9.00

எங்கள் ஊர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கதையை இங்கே யாரும் சொல்லவில்லையே.

திரைக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதியே பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் நடிகர் தியாகராஜ பாகவதரோடு கலைவாணரையும் பிடித்தார்கள். ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947-இல்தான் விடுதலை. ஏறக்குறைய இரண்டரை ஆண்டு சிறை. கலைவாணர் மறுபடி எழுந்தார், பாகவதர் பழைய இடத்துக்கு வரவே இல்லை.

நான் சொல்ல வந்தது வழக்கைப் பற்றி இல்லை. எங்கள் டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால், சட்டப்படி நிரபராதி என்று தீர்ப்பு வந்து முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும், ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று ஒருவராவது சொல்வார். அந்தப் பழமொழியைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு எரிகிறது. புகை வருவதற்கு நெருப்பு எதற்கு? காழ்ப்பு போதும். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கும்பிட வந்தவர், குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான். அங்கே என்ன நெருப்பு இருந்தது?

அதனால் சபையில் ஒருமுறை சொன்னால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பேரன் காலத்தில் யாராவது கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு தாள் வேண்டும்.

---

தோவாளைப்பூ | செப்டம்பர் 21, காலை 7.25

நடைமுறையாக ஒன்று. நேரே எழுந்து பேசினால் ‘கூட்டப் பொருளில் இல்லை’ என்று உட்கார வைப்பார்கள். இன்றே ஊராட்சித் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். இரண்டு தீர்மானம் தனித்தனியாகக் கேளுங்கள்: மறுகாலில் எந்தத் தடுப்பும் வைக்கக் கூடாது என்று ஒன்று, மூவர் மீது சொல்லப்பட்ட குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை நழுவ விடுவார்கள். படத்தைக் கைப்பேசியில் காட்டாதீர்கள். பெரிய அளவில் பிரதி எடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். பெரியப்பாவிடம் முந்திய நாளே சொல்லிவிடுங்கள், சபையில் முதல்முறையாக அவர் கேட்கக் கூடாது.

---

இரணியல்காரன் | செப்டம்பர் 21, இரவு 10.30

டீச்சர், உங்கள் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். எண்பத்தாறு வயது, நினைவு நன்றாக இருக்கிறது. மீன்கார அம்மா தானாக வரவில்லையாம். அம்மா இரண்டு பஸ் ஏறி அவர் ஊருக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்று, ‘உங்கள் ஆட்களைப் பற்றி எங்கள் தெருவில் சொன்னதை நானும் நம்பினேன், நானும் நாலு பேரிடம் சொன்னேன், அது பொய்’ என்று சொல்லியிருக்கிறார். நாற்பத்தொரு ஆண்டில் இதை எங்களிடம் சொன்னதில்லை.

வயல்கரை, நான் முன்பு எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். நீங்கள் பேசுங்கள்.

---

வயல்கரை | அக்டோபர் 3, இரவு 8.50

நேற்று சபை முடிந்தது.

பெரியப்பாவிடம் முந்திய நாள் மாலையே போய்ச் சொன்னேன். படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். ‘அந்த ஓரத்துச் சாக்கு நான் கட்டினது’ என்றார். பிறகு, ‘ஊர் முன்னால் என் பெயரைச் சொல்வாயா?’ என்று கேட்டார். ‘என் பெயரை முதலில் சொல்வேன்’ என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

சபையில் வழக்கத்தைவிடக் கூட்டம். கிழக்கிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கடைசியில் நின்றார்கள், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. என் முறை வந்ததும் படத்தைத் தூக்கிப் பிடித்தேன், கை நடுங்கியதால் பக்கத்திலிருந்த ஒருவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சாக்கு அடுக்கியதை, நான் வாய் பிடித்ததை, தண்ணீர் முதலில் கிழக்கே ஏறியதை, மதகடி சார் சொன்ன குழியையும் சாய்ந்த புல்லையும் என் பழைய படத்தோடு சொன்னேன். அதன்பிறகு மூன்று பெயரையும் தகப்பன் பெயரோடு சொன்னேன். இவர்கள் வெட்டவில்லை, வெட்டினார்கள் என்ற ஒலிப்பதிவை நான் இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன் என்றேன்.

கைதட்டல் எதுவும் இல்லை. பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. ‘அந்த நஷ்டத்தை நீ தருவாயா’ என்று ஒருவர் கத்தினார். ‘அப்படியானால் எங்களை என்ன செய்யச் சொல்கிறாய், முதல் போகமான கன்னிப்பூவைப் போட்டுவிட்டுக் கும்பப்பூவுக்குத் தண்ணீர் இல்லாமல் நிற்பதா?’ என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மடையைப் பழுது பார்த்தால் ஒழுகிப் போகும் தண்ணீரே மிச்சமாகும் என்று ஓர் இளைஞர் எழுந்து சொன்னார், அவர் கிழக்கைச் சேர்ந்தவர். முதல் தீர்மானம் நிறைவேறியது. இரண்டாவதில் ‘ஆதாரம் இல்லை’ என்பதற்குப் பதில் ‘தெளிவு இல்லை’ என்று எழுதப் பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் அதிலேயே நின்றது. கடைசியில் ‘ஆதாரம் இல்லை’ என்றே எழுதினார்கள், மூன்று பெயரும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கின்றன.

இரவு என் குரலில் ஓர் ஒலிப்பதிவு செய்து இரண்டு குழுக்களுக்கும் அனுப்பினேன். அதே ஒரு நிமிடம் நாற்பது விநாடிக்குள் அடங்கும்படி பேசினேன், நீளமாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏலாக் குழுவிலிருந்து பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள்.

இன்று காலை மறுகாலில் சாக்கு எடுத்தோம், இருபத்துமூன்று சாக்கு. மேற்கிலிருந்து ஆறு பேர், கிழக்கிலிருந்து நான்கு பேர். அதிகம் பேசவில்லை, வேலைதான் நடந்தது. பெரியப்பா வரவில்லை. ஆனால் தன் சாக்கைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பவும் இல்லை.

---

கிழக்குக்கரை | அக்டோபர் 3, இரவு 9.20

ஒலிப்பதிவைத் தம்பிக்கு அனுப்பினேன். அங்கே வேலை முடிந்து இப்போதுதான் கேட்டிருக்கிறான். இரண்டு முறை கேட்டானாம். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு திருத்தம். மூன்றாவது பையனின் தகப்பன் பெயரை ஒலிப்பதிவில் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன பெயரில் எங்கள் குடியிருப்பில் வேறு ஒருவர் இருக்கிறார், அவர் மகனுக்கும் அதே பெயர். சரியான பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சரி செய்து மறுபடி அனுப்புங்கள்.

வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலை இருப்பார்.

---

வயல்கரை | அக்டோபர் 3, இரவு 9.55

மன்னிக்க வேண்டும் சகோதரி. முழுவதையும் மறுபடி பேசி 9.40-க்கு அனுப்பிவிட்டேன். முதலில் அனுப்பியதில் தகப்பன் பெயர் தவறு என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறேன். ஏலாக் குழுவில் நான் இல்லாததால் தங்கை மகன் மூலம் போட்டாயிற்று. தீர்மானப் புத்தகத்திலும் அதே தவறு ஏறியிருக்கிறதா என்று நாளை காலை அலுவலகம் திறந்ததும் போய்ப் பார்க்கிறேன்.